தூசி படிந்த போன்

1935-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் முதன்முதலாக ஓர் இறுதிச்சடங்கை நடத்தினார். இறந்தவள் 14 வயதுச் சிறுமி. மாதவிடாய் தொடங்கியதும் ஏதோ கெட்ட நோய் வந்துவிட்டதாகப் பயந்து உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாள். மனம் விட்டுப் பேச ஓர் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளே என்ற தவிப்பு வாராவை விடவில்லை. அதற்கு வழி பிறக்க 18 வருடங்கள் ஆயின.

லண்டனில் தினமும் மூன்று பேர் தற்கொலை செய்துகொள்வதாகப் பின்னாளில் படித்தார். தீப்பிடித்தால் கூப்பிட 999 இருந்தது. மனம் உடைந்தவர் யாரைக் கூப்பிடுவது? தற்கொலை முயற்சியே குற்றமாக இருந்த காலம் அது. 1961-ல்தான் அந்தச் சட்டம் மாறியது. பயந்து வாய்மூடிக் கிடந்தவர்களுக்கு ஒரு தொலைபேசி எண் வேண்டும் என்று வாரா முடிவு செய்தார்.

1953-ல் லண்டனின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயம் அவர் பொறுப்புக்கு வந்தது. மனதில் நிற்கும்படி ‘மேன் 9000’ என்ற எண்ணைக் கேட்கலாம் என்று அங்கிருந்த பழைய போனை எடுத்தார். “எந்த எண்ணிலிருந்து பேசுகிறீர்கள்?” என்று கேட்டார் ஆபரேட்டர். போனில் படிந்திருந்த தூசியைத் துடைத்துப் பார்த்தார் வாரா. மேன் 9000! பின்னாளில் அவரே சொன்ன கதை இது.

நவம்பர் 2 அன்று முதல் அழைப்பு வந்தது. செய்தி பத்திரிகைகளில் வந்ததும் நேரிலும் கூட்டம் சேர்ந்தது. ஒத்தாசைக்கு வந்த தொண்டர்கள், காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். அங்கேதான் யாரும் எதிர்பாராதது நடந்தது.

பலர் தொண்டர்களிடமே அழுது தீர்த்துவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே தெளிந்து போனார்கள். தன் அறிவுரையைவிடத் தொண்டர்கள் காதுகொடுத்துக் கேட்டதுதான் மருந்து என்று வாரா புரிந்துகொண்டார். அந்தப் பெருந்தன்மைதான் இந்தக் கதையின் உயிர். 1954 பிப்ரவரி 2 அன்று போனை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார்.

இப்படித்தான் பிறந்தது ‘சமாரிட்டன்ஸ்’ ஹெல்ப்லைன். அதே வழியில், 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் ‘சிநேகா’வைத் தொடங்கினார். அதன் எண் 044-24640050. 2022-ல் வந்த மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926.