ஐம்பது மாநிலம், ஐம்பது கட்டணம்: மெடிகெய்ட் வரலாறு

அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மெடிகெய்ட் என்று பெயர். செலவை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன, நடத்துவது மாநிலம். மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் எவ்வளவு கொடுப்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான மெடிகேர் அப்படியல்ல. அது மத்திய அரசின் கையில் இருப்பதால், ஊருக்கு ஊர் சிறு திருத்தங்களோடு நாடு முழுவதற்கும் ஒரே கட்டண அட்டவணைதான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்செனத் தெரியும். 2019ஆம் ஆண்டு நிலவரப்படி, மெடிகேர் 100 டாலர் கொடுக்கும் சிகிச்சைக்கு மெடிகெய்ட் நேரடியாக மருத்துவருக்குக் கொடுத்தது சராசரியாக 72 டாலர். ரோட் ஐலண்டில் அது 37 டாலர். அலாஸ்காவிலோ 100 டாலரையும் தாண்டியது. விலைவாசி வேறுபாடு மட்டும் இதற்குக் காரணமல்ல. அலாஸ்காவில் செலவு கூடுதல்தான். ஆனால் ரோட் ஐலண்டும் மலிவான மாநிலம் அல்ல.

இதன் வேர் 1965க்கும் முந்தியது. ஏழைக்கு வைத்தியம் பார்ப்பது அந்த நாட்டில் நெடுங்காலம் உள்ளூர்ப் பொறுப்பாகவே இருந்தது. கவுன்டி மருத்துவமனை, தேவாலயத்தைச் சார்ந்த தரும ஆஸ்பத்திரி, காசு வாங்காமல் பார்த்த மருத்துவர் என்று எது கிடைத்ததோ அதுதான். 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவக் காப்பீடு சேர்க்கப்படவில்லை. 1950இல் ஒரு சிறிய கதவு திறந்தது. அரசு உதவித்தொகை பெறும் ஏழைக்குச் சிகிச்சை அளித்தவருக்கு மாநிலம் நேரடியாகப் பணம் கொடுத்தால், அதில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் என்றானது. 1960இன் கெர்-மில்ஸ் சட்டம் இதையே வசதியற்ற முதியவர்களுக்கும் விரித்தது. விரும்பிய மாநிலம் சேரலாம், கட்டணத்தைத் தன் விருப்பப்படி வைக்கலாம். விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது. நியூயார்க், கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் போன்ற வசதியான மாநிலங்கள் மத்திய நிதியின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. ஏழைகள் அதிகமிருந்த தென் மாநிலங்களிடம் தங்கள் பங்கைப் போடவே பணம் இல்லை.

1965 ஜூலை 30 அன்று, மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில், முன்னாள் அதிபர் ட்ரூமன் அருகிலிருக்க, அதிபர் லிண்டன் ஜான்சன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். எல்லோர் கண்ணும் மெடிகேர் மீதுதான் இருந்தது. அதே சட்டத்தில் மெடிகெய்டும் இருந்தது. நாடாளுமன்றக் கீழவையின் நிதிக்குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் கெர்-மில்ஸ் ஏற்பாட்டை விரிவாக்கி அதில் இணைத்திருந்தார். ஐம்பது கட்டணங்களுக்கும் விதை அங்கே விழுந்தது. முதியவர்களுக்கான திட்டம் காப்பீடாகவும், ஏழைகளுக்கான திட்டம் பழைய தரும உதவியின் தொடர்ச்சியாகவும் பிறந்தன. அன்றைய மெடிகேர், மருத்துவர்களுக்கு அந்தந்த வட்டாரத்தில் வழக்கமாக வாங்கும் நியாயமான தொகையைக் கொடுத்தது. மெடிகெய்டில், மருத்துவமனைக்கு மட்டும் நியாயமான செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. மருத்துவரின் கட்டணம் மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. திட்டத்தில் சேர்வதும் கட்டாயமல்ல. கடைசி மாநிலமான அரிசோனா 1982இல்தான் சேர்ந்தது.

மத்திய அரசின் பங்கைக் கணக்கிடும் சூத்திரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாநிலத்தின் தனிநபர் வருமானத்தை நாட்டின் சராசரியால் வகுத்து, அதை வர்க்கமாக்கி, 45 சதவீதத்தால் பெருக்கினால் வருவது மாநிலத்தின் பங்கு. மிச்சம் மத்திய அரசினுடையது. சராசரி வருமானமுள்ள மாநிலத்துக்கு 55 சதவீதம் கிடைக்கும். வருமானம் சராசரியில் ஐந்தில் நான்கு பங்காக இருந்தால் ஏறத்தாழ 71 சதவீதம். எவ்வளவு செல்வமுள்ள மாநிலமானாலும் 50க்குக் கீழே போகாது. எவ்வளவு ஏழை மாநிலமானாலும் 83க்கு மேலே ஏறாது. ஏழை மாநிலத்துக்குக் கை கொடுக்க வந்த சூத்திரம் இது. ஆனால் இன்னொரு பக்கமும் இதற்கு உண்டு. மருத்துவருக்கு 10 டாலர் கூட்டிக் கொடுக்க நினைக்கும் நியூ ஜெர்சி தன் கஜானாவிலிருந்து 5 டாலர் எடுத்துவைக்க வேண்டும். மிசிசிப்பிக்கு இரண்டு டாலரும் சில்லறையும் போதும்.

தொடக்கத்தில் நியூயார்க் தாராளமாக இறங்கியது. 1966இல் அது வகுத்த வருமான வரம்பு, கூலிக்குப் போகும் குடும்பங்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. செலவு எதிர்பார்ப்பை மீறியதும் அமெரிக்க நாடாளுமன்றம் 1967இல் வரம்பைக் கட்டுப்படுத்தியது. அதன் பின் பட்ஜெட்டில் இடித்தபோதெல்லாம் மாநிலங்கள் முதலில் கை வைத்தது மருத்துவர் கட்டணத்தில்தான். பயனாளிகளை நீக்கினால் கூச்சல் எழும், மருத்துவமனையைத் தொட்டால் சட்டம் தடுக்கும். கட்டணத்தை ஏற்றாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மெடிகெய்ட் கொடுப்பதை முழுத் தொகையாக ஏற்றுக்கொள்ள வேண்டும், மீதியை நோயாளியிடம் கேட்கக் கூடாது என்பது விதி. ஏழையைக் காக்கும் நல்ல விதி அது. அதனாலேயே, கட்டுப்படியாகாத மருத்துவருக்கு இரண்டே வழி மிஞ்சின: மெடிகெய்ட் நோயாளியைப் பார்க்காமல் விடுவது, அல்லது எண்ணிக்கையில் ஈடுகட்டுவது.

எண்ணிக்கையில் ஈடுகட்டியவர்கள் நியூயார்க் நகரின் ஏழைப் பகுதிகளில் கடைவீதி கிளினிக்குகளைத் திறந்தனர். அவற்றுக்கு ‘மெடிகெய்ட் மில்’ என்று பெயர் விழுந்தது. உள்ளே வந்த நோயாளியைக் கண் மருத்துவர், பாத மருத்துவர், எக்ஸ்ரே என்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பந்துபோல் தட்டிவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்த தாயோடு கூட வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை நடந்தது, எல்லாவற்றுக்கும் பில் போனது. 1976இல் யூட்டாவைச் சேர்ந்த அமெரிக்க செனட் உறுப்பினர் ஃபிராங்க் மாஸ் நோயாளிபோல் வேடமிட்டு, மெடிகெய்ட் அட்டையோடு இந்த கிளினிக்குகளுக்குள் நேரில் போய்ப் பார்த்தார். நோய் எதுவும் இல்லாத அவருடைய ஆய்வாளர்களுக்குச் சோதனைகளும் மருந்துச் சீட்டுகளும் தாராளமாகக் கிடைத்தன. மறு ஆண்டே மோசடித் தடுப்புச் சட்டம் வந்தது. மோசடிக்கு இடம் கொடுத்த குறைந்த கட்டணத்தை யாரும் தொடவில்லை. அன்று தவறவிட்டது பெரிய வாய்ப்பு.

மருத்துவமனைகளின் கதை வேறு வழியில் போனது. ஒக்லஹோமாவின் ஆளுநராக இருந்து செனட்டுக்கு வந்த டேவிட் போரன், மாநிலங்களின் கையை அவிழ்த்துவிட நினைத்தார். அவர் பெயரிலான திருத்தம் 1980இல் முதியோர் இல்லங்களுக்கும், 1981இல் மருத்துவமனைகளுக்கும் வந்தது. ஆன செலவை எல்லாம் கொடுக்க வேண்டாம். திறமையாகவும் சிக்கனமாகவும் நடக்கும் நிறுவனத்துக்கு ஆகும் செலவை ஈடுகட்டும் அளவுக்குக் கொடுத்தால் போதும் என்றது அது. ஆனால் அந்த வாசகத்தையே பிடித்துக்கொண்டு மருத்துவமனைகள் நீதிமன்றம் போயின. 1990இல் வர்ஜீனியா மருத்துவமனைச் சங்கத்தின் வழக்கில், குறைந்த கட்டணத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாநிலம் மாநிலமாக வழக்குகள் குவிந்தன. ஆளுநர்கள் கட்சி பேதமின்றி எதிர்த்தார்கள். 1997இல் போரன் திருத்தம் நீக்கப்பட்டது; கட்டணத்தை மாற்றும் முன் பொது அறிவிப்பு கொடுத்துக் கருத்துக் கேட்டால் போதும் என்றானது.

மேரிலாந்து இதில் தனி வழி போன மாநிலம். 1971இல் அங்கே ஒரு கட்டண ஆணையத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1977 முதல் மெடிகேர், மெடிகெய்ட், தனியார் காப்பீடு மூன்றும் ஒரே மருத்துவமனையில் ஒரே சேவைக்கு ஏறத்தாழ ஒரே கட்டணத்தைக் கொடுத்தன. மருத்துவமனை வாசலில் ஏழையின் அட்டைக்கு மதிப்புக் குறையவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு மருத்துவமனைக்கு மட்டுமே. பல் மருத்துவருக்கு இல்லை. 2007 பிப்ரவரியில் அதே மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் பல் சொத்தையால் இறந்தான். சீழ் மூளைக்கு ஏறிவிட்டிருந்தது. மெடிகெய்ட் அட்டையை ஏற்கும் பல் மருத்துவரைத் தேடி அலைவதே அந்தக் குடும்பத்துக்குப் பெரும்பாடாக இருந்தது. இடையில் அட்டையும் காலாவதியாகிவிட்டது. பல்லைப் பிடுங்க ஏறத்தாழ 80 டாலர் ஆகியிருக்கும். மூளை அறுவைக்கும் வாரக்கணக்கான மருத்துவமனை வாசத்துக்கும் ஆன செலவு சுமார் இரண்டரை லட்சம் டாலர். அடுத்த ஆண்டு மேரிலாந்து பல் மருத்துவக் கட்டணத்தை உயர்த்தியது.

மருத்துவர் கட்டணத்துக்கும் சட்டத்தில் ஒரு காப்பு இருக்கத்தான் செய்கிறது. அந்த வட்டாரத்தின் மற்ற மக்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு மெடிகெய்ட் நோயாளிக்கும் மருத்துவர் கிடைக்க வேண்டும், கட்டணம் அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்ற விதி 1989இல் சட்டத்திலேயே ஏறியது. கலிபோர்னியா 2008இல் பத்து சதவீதக் குறைப்பைக் கொண்டுவந்தபோது வழக்குகள் இந்த விதியை நம்பியே தொடுக்கப்பட்டன. 2015இல் ஐடஹோ மாநில வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. மாநிலம் விதியை மீறினால் கேட்க வேண்டியது மத்திய அரசு, சேவை அளிப்பவர் அல்ல என்று மீண்டும் ஐந்துக்கு நான்கு கணக்கில் தீர்ப்பு வந்தது. மத்திய அரசின் கையில் இருந்த ஆயுதமோ நிதியை நிறுத்துவது. அதைப் பயன்படுத்தினால் முதல் அடி ஏழைக்கே விழும்.

கட்டணம் எங்கே கூடும், எங்கே குறையும் என்பதில் ஒரு போக்கு தெரிகிறது. அலாஸ்கா, வடக்கு டகோட்டா போன்ற மக்கள் நெருக்கம் குறைந்த மாநிலங்களில் மருத்துவர்களே குறைவு. இருப்பவரை இழக்க முடியாது, அதனால் கட்டணம் உயர்வு. நியூ ஜெர்சியிலும் ரோட் ஐலண்டிலும் மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள், மத்தியப் பங்கு குறைவு, முதியோர் இல்லச் செலவு பெரிது, அதனால் கட்டணம் தாழ்வு. 2011இல் புதிய மெடிகெய்ட் நோயாளியை ஏற்ற மருத்துவர்கள் நாடு முழுவதும் 69 சதவீதம். வயோமிங்கில் 99, நியூ ஜெர்சியில் 40.

ஒரே ஒரு முறை மத்திய அரசு இந்த வேறுபாட்டைப் பணம் போட்டு அழித்துப் பார்த்தது. 2010 சுகாதாரச் சட்டத்தின்படி 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு, முதல்நிலை மருத்துவர்களின் மெடிகெய்ட் கட்டணம் மெடிகேர் அளவுக்கு உயர்த்தப்பட்டது. கூடுதல் செலவு முழுவதும் மத்திய அரசினுடையது. 2012இல் அந்தக் கட்டணம் சராசரியாக மெடிகேரில் 59 சதவீதமாக இருந்ததால் உயர்வு பெரியது. பல மாநிலங்கள் மாதக்கணக்கில் தாமதித்து நிலுவையாகக் கொடுத்தன. அப்படியும் பலன் தெரிந்தது. பத்து மாநிலங்களில் ஆய்வாளர்கள் நோயாளிபோல் தொலைபேசியில் அழைத்துப் பார்த்ததில், மெடிகெய்ட் அட்டைக்கு நேரம் கிடைப்பது 58.7 சதவீதத்திலிருந்து 66.4 சதவீதமாக ஏறியிருந்தது. 2014 முடிந்ததும் பணம் நின்றது. அலபாமா, மிசிசிப்பி, மேரிலாந்து உள்ளிட்ட சில மாநிலங்கள் மட்டும் தங்கள் செலவில் முழுவதுமாகவோ ஓரளவோ தொடர்ந்தன. மற்றவை பழைய கட்டணத்துக்குத் திரும்பின.

இதற்கிடையில் கட்டண அட்டவணையே பார்வையிலிருந்து மறையத் தொடங்கியிருந்தது. 1994இல் டென்னசி தன் மெடிகெய்ட் முழுவதையும் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் வழியே நடத்த முற்பட்டது. இன்று நாட்டின் பயனாளிகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட நிறுவனங்களின் கீழ்தான். மருத்துவருக்கு என்ன கிடைக்கிறது என்பது அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2024இல் வந்த மத்திய விதி, மாநிலங்கள் நேரடியாகக் கொடுக்கும் கட்டணங்களை 2026 ஜூலைக்குள் பொதுவில் வைக்க வேண்டும், முதல்நிலை மருத்துவம், மகப்பேறு, மனநலம் ஆகியவற்றில் மெடிகேரோடு ஒப்பிட்டும் காட்ட வேண்டும் என்றது.

மருத்துவமனைகளுக்கு இந்தக் காப்பீட்டு நிறுவனங்கள் வழியே கூடுதல் தொகை கொடுக்கச் சொல்லும் வழக்கமும் மாநிலங்களிடையே பரவியிருந்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய வரவு செலவுச் சட்டம் அதற்கு உச்சவரம்பு வைத்தது. 2010 சட்டத்தின்படி மெடிகெய்டை மேலும் பலருக்கு விரிவாக்கிய மாநிலங்களில் வரம்பு மெடிகேர் கட்டணத்தில் 100 சதவீதம், விரிவாக்காத மாநிலங்களில் 110 சதவீதம். ஏற்கெனவே அதற்கு மேல் கொடுத்துவருபவை 2028 முதல் ஆண்டுக்குப் பத்துப் புள்ளி வீதம் குறைக்க வேண்டும். 2013இல் முதல்நிலை மருத்துவருக்குத் தரையாக வைக்கப்பட்ட மெடிகேர் கட்டணம், இந்தச் சட்டத்தில் மருத்துவமனைக்குக் கூரையாகியிருக்கிறது. அந்தக் கூரையின் உயரமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறாகவே எழுதப்பட்டிருக்கிறது.