கணக்கேடு காணாத களம்: தொண்டு நிறுவனக் கண்காணிப்பு எங்கே நிற்க வேண்டும்?

தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோருக்கு ஓர் இல்லம் தொடங்க நினைப்பவருக்கு மூன்று சட்ட வழிகள் உண்டு. ஆவணம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து அறக்கட்டளை ஆக்கலாம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 8-ஆம் பிரிவின்கீழ் இலாப நோக்கற்ற கம்பெனியாகலாம். எந்த வழியில் போனாலும் அடுத்த படி வருமான வரித் துறை. வெளிநாட்டுப் பணம் வேண்டுமென்றால் மத்திய உள்துறை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பதிவு. இத்தனை அலுவலகங்களைப் பார்ப்பவருக்குக் கண்காணிப்பு மிகுந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் இவை கேட்கும் கேள்விகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பணம் எங்கிருந்து வந்தது, எந்தக் கணக்கில் விழுந்தது, எத்தனை விழுக்காடு எந்தத் தலைப்பில் போயிற்று என்பவைதாம் ஏறக்குறைய எல்லாக் கேள்விகளும். இல்லத்தில் இருக்கும் முதியவர் இரவில் என்ன சாப்பிட்டார் என்பது இவற்றில் எதிலும் வராது. இந்தியக் கண்காணிப்பு பணம் நுழையும் வாசலில் நிற்கிறது, வேலை நடக்கும் களத்தில் அது மிகவும் மெலிந்திருக்கிறது. இந்த இடமாற்றமே கெடுபிடி, அலட்சியம் என்னும் இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் ஒருசேரக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்றில்லை. சென்னை மாகாணத்தின் 1817-ஆம் ஆண்டு 7-ஆம் ஒழுங்குமுறை கோயில், மசூதி ஆகியவற்றின் மானிய நிலங்களை மட்டும் பேசவில்லை. கல்விச்சாலைகள், பாலங்கள், சத்திரங்கள் ஆகியவற்றுக்கான மானியங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. வருவாய் வாரியமும் கலெக்டர்களும் செய்ய வேண்டியது, கொடுத்தவர் எதற்குக் கொடுத்தாரோ அதற்கே வருமானம் செலவாகிறதா என்று பார்ப்பது. சத்திரத்துக்கு விட்ட நிலமென்றால் வழிப்போக்கருக்குச் சோறு போடுகிறதா என்பதே கேள்வி. காலனி ஆட்சியின் நோக்கம் தூய்மையானது என்று சொல்ல வரவில்லை. நில வருவாயின்மேல் இருந்த கண்ணும் அதில் உண்டு. ஆயினும் அளவுகோல் நோக்கத்தில் இருந்தது. பிற மதக் கோயில்களைக் கிறித்தவ அரசு நிர்வகிப்பதா என்ற எதிர்ப்பு இங்கிலாந்தில் வலுத்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி விலகத் தொடங்கிற்று. 1863-ஆம் ஆண்டின் சமய அறநிலையச் சட்டம் அந்த விலகலை உறுதிப்படுத்தியது. விலகியதன் விளைவைச் சரிசெய்யத்தான் நீதிக்கட்சி ஆட்சியில் 1925-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் வந்தது. இன்றைய 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வழித்தோன்றல். இந்த நூறாண்டுச் சச்சரவு முழுவதும் கோயிலைச் சுற்றியே நடந்ததால் சமயம் சாராத அறம் பேச்சிலிருந்தே நழுவிப்போயிற்று.

நழுவியது சட்டத்திலும் தெரிகிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. பம்பாய் மாநிலம் 1950-இல் பொது அறக்கட்டளைகளுக்கெனச் சட்டம் இயற்றி அற ஆணையர் என்ற பதவியை ஏற்படுத்தியது; தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பொதுச் சட்டம் இல்லை. பொது அறக்கட்டளையில் முறைகேடு என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவுதான் இங்கே கதி. அக்கறையுள்ள இருவரோ பலரோ நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடரலாம், அல்லது அட்வகேட் ஜெனரல் தொடரலாம். வழக்கு வரும்வரை யாரும் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. சங்கங்களின் விவகாரங்களை விசாரிக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது; நடைமுறையில் அது பெரும்பாலும் நிர்வாகக் குழுவுக்குள் எழும் தேர்தல் தகராறுகளின் கருவி. சங்கத்தின் பயனாளி அந்தத் தகராறில் ஒரு தரப்பே அல்ல.

இந்த வெற்றிடத்தைப் பணத்தின்மேல் வைத்த கண்காணிப்பு நிரப்பிற்று. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் வந்தது 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில். 2010-இல் அதற்குப் பதில் புதுச் சட்டம் வந்தது. பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதாயிற்று. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைத்தது. பெற்ற வெளிநாட்டு நிதியை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தருவதை அறவே தடுத்தது. நாட்டின் எந்த மூலையில் இயங்கும் நிறுவனமும் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்கியே நிதி பெற வேண்டும் என்றது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இத்திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. செல்லுபடியைப் பற்றியதன்று இங்கே என் கேள்வி. இவை எதைப் பிடிக்கின்றன என்பதுதான். கணக்கு எழுதுவது, தணிக்கை, மேற்பார்வை எல்லாம் நிர்வாகச் செலவு. கேட்கும் கணக்கு கூடக்கூட அதை எழுத அனுமதிக்கும் காசு குறைகிறது என்பது இந்தச் சட்டத்தின் விசித்திரம். நிதியை மாற்றித் தருவதற்கான தடை இன்னும் ஆழமாக வெட்டியது. நேரடியாக வெளிநாட்டு நிதி பெறும் வசதியில்லாத சிறு அமைப்புகள் பெரிய நிறுவனத்திடமிருந்து பங்கு பெற்றுக் கிராமத்தில் வேலை செய்தன. பெரிய நிறுவனம் தலைநகரில் இருந்தது, சிறியது களத்தில் இருந்தது. தடை விழுந்தது களத்தின்மேல்.

வாசலில் இத்தனை காவல் இருக்கையில் உள்ளே என்ன நடந்தது? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். மனநல இல்லங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏர்வாடியில் இருந்தவை பெரும்பாலும் நோயாளியின் உறவினரிடம் பணம் வாங்கி நடத்தியவை, ஆகவே தொண்டு நிறுவனக் கணக்கில் சேராது என்று ஒருவர் சொல்லலாம். சரி, அப்படியானால் மற்றொன்றைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக 2007-இல் வந்த செய்தியை வைத்து உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வழக்கில் 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. குழந்தைகள் இல்லங்கள் அனைத்தையும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவுசெய்ய வேண்டும், சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. சிறார் நீதிச் சட்டம் பதிவையும் நேரடி ஆய்வையும் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. துறைவாரிச் சட்டங்கள் களத்தைப் பார்க்கச் சொல்கின்றன. பார்ப்பதற்கான ஆளும் முறையும் நடைமுறையில் போதவில்லை.

களத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் தமிழகத்திலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நாகப்பட்டினம், ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர். அடுத்த சில வாரங்களில் அங்கே குவிந்த தொண்டு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில். ஒரே குப்பத்துக்கு நான்கு லாரி பழந்துணி வந்திறங்க, அடுத்த ஊரில் பாத்திரம்கூட இல்லை என்ற நிலை. 2005 ஜனவரி முதல் நாட்களிலேயே கலெக்டர் அலுவலக வளாகத்துக்குள் ஓர் ஒருங்கிணைப்பு மையம் இயங்கத் தொடங்கியது. அதைத் தொடங்கியவை அந்தக் கடற்கரையில் பல்லாண்டு வேலை செய்திருந்த சினேகா என்ற தொண்டு நிறுவனமும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும். யார், எந்த ஊரில், என்ன செய்கிறார்கள் என்ற தகவல் முதன்முறையாக ஓரிடத்தில் சேர்ந்தது. நிரந்தர வீடுகளுக்கு அரசு இன்னும் ஒரு படி போயிற்று. நிலத்தை அரசு தரும். வீட்டைத் தொண்டு நிறுவனம் கட்டும். இருவருக்கும் இடையில் புரிந்துணர்வு ஒப்பந்தம். 2005 மார்ச் மாத அரசாணை ஒரு வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் மதிப்பையும், புயலையும் நிலநடுக்கத்தையும் தாங்கும் கட்டுமானத்தையும் விதித்தது. பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்றது. இங்கே ஆதரவும் கண்காணிப்பும் ஒரே தாளில் இருந்தன. அந்தத் தாள் கேட்டது கணக்கை மட்டுமன்று, சுவரையும் கூரையையும் பட்டாவையும்.

இதே கரையில் ஒப்பந்தம் இல்லாமல் நடந்ததை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். வீட்டுக்கு இருந்த கட்டு படகுக்கு இல்லை. யாரும் யாருக்கும் படகு கொடுக்கலாம் என்றிருந்தது. கொடுக்கும்போது படமெடுத்து நன்கொடையாளருக்கு அனுப்ப அதைவிட எளிய பொருள் வேறில்லை. கட்டுமரம் வைத்திருந்தவருக்கு ஃபைபர் படகு வந்தது, கூலிக்குப் போனவருக்கும் வந்தது. அலைக்கு முன் இருந்ததைவிடக் கூடுதலான ஃபைபர் படகுகள் கடலில் இறங்கின, படகோட்ட ஆள் கிடைக்கவில்லை. கொடுத்த நிறுவனங்களின் வரவு-செலவு பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். தணிக்கையாளர் பார்க்கும் சீட்டில் மீன்வளம் என்ற பத்தி இல்லை. வீட்டுத் திட்டமும் குறையற்றதன்று: அலையால் வேலையிழந்த விவசாயக் கூலிகள், அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், மீனவர்களுக்குப் பின்னால்தான் நின்றார்கள். ஒப்பந்தத்தின் பட்டியலில் யார் பெயர் ஏறுகிறது என்பதைத் தீர்மானித்தவர்களின் கண்ணுக்கு எது தெரிந்ததோ அதுவரைதான் களக் கண்காணிப்பும் எட்டியது.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு, வெளிநாட்டுப் பணம் அரசியலுக்கும் வன்முறைக்கும் போகலாம், வாசலைத் திறந்துபோட முடியாது என்பது. திறக்கச் சொல்லவில்லை. பணம் எதற்குப் போயிற்று என்பது வேலை நடக்கும் இடத்தில் கேட்டால்தான் தெரியும். புதுதில்லிக் கிளையின் கணக்கு, பணம் வந்த நாளைத்தான் சொல்லும். இரண்டாவது மறுப்பு கனமானது: அரசும் நிறுவனமும் நெருங்கினால் கண்காணிப்பே கெடும். 1853-இலிருந்து தொண்டு நிறுவனங்களுக்கெனத் தனி ஆணையம் உள்ள இங்கிலாந்தே இதற்குச் சான்று. கிட்ஸ் கம்பெனி என்ற இலண்டன் சிறார் தொண்டு நிறுவனத்துக்கு மத்திய அரசு மானியமாக மட்டும் குறைந்தது 4.2 கோடி பவுண்டு போயிருந்தது. 2015-இல் அதிகாரிகள் வேண்டாம் என்று எழுதியும் அமைச்சர்கள் உத்தரவிட்டு இன்னும் 30 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். கொடுத்த சில நாட்களில் நிறுவனம் மூடப்பட்டது. 2021-இல் உயர் நீதிமன்றம் அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்ய மறுத்தது. ஆணையமோ 2022-இல் நிர்வாகக் குறைபாடு இருந்தது என்று அறிக்கை தந்தது. நெருக்கம் ஆபத்து என்பது இதனால் நிரூபணமாகிறது. ஆனால் அங்கே நடந்த நெருக்கம் அமைச்சரின் அறைக்கும் நிறுவனத் தலைமைக்கும் இடையில். குழந்தைகள் வந்துபோன கட்டடத்தோடு அல்ல. நான் சொல்லும் நெருக்கத்துக்கு எழுத்தும் வெளிப்படைத்தன்மையும் வேண்டும். நாகப்பட்டின ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பது ஊர்ப் பஞ்சாயத்துக்கும் தெரிந்த செய்தி.

மூன்றாவது மறுப்பு உள்ளூர் ஊழல் பற்றியது. களத்துக்கு வரும் அதிகாரிக்குக் களத்திலேயே கையூட்டும் உண்டு, தில்லிக்காரனைவிடத் தாலுகா ஆபீஸ்காரன் நல்லவனா என்ற கேள்வி நியாயமானதே. அதிகாரியை மட்டும் நம்பினால் இதற்குப் பதிலில்லை. தேசிய ஊரக வேலையுறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கிராம சபையிடம் சமூகத் தணிக்கையைக் கொடுத்தது. அதற்காக மாநிலங்களில் தனி அமைப்புகள் உருவாயின. ஏரிக் கரையில் எத்தனை நாள் வேலை நடந்தது என்று ஊரார் முன்னிலையில் வாசித்துக் காட்டும் அந்த முறையை வரிவிலக்கோ மானியமோ அரசு நிலமோ பெறும் இல்லங்களுக்கு நீட்டுவதில் சட்டத் தடை எதுவும் இல்லை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு விதிகள் பெரிய திட்டங்களுக்குத் தாக்க மதிப்பீடு கேட்கின்றன; மதிப்பீட்டாளரை அமர்த்திக் கூலி கொடுப்பது அந்தக் கம்பெனியே. பயனாளி முன்னிலையில் வாசிக்கும் கட்டாயம் இல்லாதவரை அது இன்னொரு கணக்கேடு. தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டும் சமூகப் பங்குச்சந்தைக்கும் இதே நோய் வர இடமிருக்கிறது.

தமிழ்நாடு பொது அறக்கட்டளைகளுக்குச் சட்டம் எழுத முற்பட்டால் முதலில் திருத்த வேண்டியது ஆணையரின் பதவிப் பெயரையன்று, 92-ஆம் பிரிவு சொல்லும் அந்த ‘அக்கறையுள்ள இருவர்’ யார் என்பதை. நன்கொடையாளர் அக்கறையுள்ளவர் ஆகலாம், பரம்பரை அறங்காவலரின் உறவினர் ஆகலாம். ஓர் இல்லத்தில் பத்து ஆண்டுகள் வளர்ந்த பிள்ளையும் சட்டப்படி ஆகலாம்தான். ஆனால் அந்தப் பிள்ளை வழக்கறிஞர் பிடித்து, நீதிமன்ற அனுமதி வாங்கி, அன்றிரவும் அதே இல்லத்தில்தான் படுத்துத் தூங்க வேண்டும்.