சாலையோர விளம்பரப் பலகைகளும் போக்குவரத்துப் பாதுகாப்பும்: தமிழ்நாட்டின் அனுபவம்

கடைக்குப் பெயர்ப்பலகை வைப்பது வணிகரின் உரிமை. பலகை நிற்கும் சாலையோ எல்லோருக்கும் பொதுவானது. இவ்விரண்டும் மோதும்போது யார் முடிவெடுப்பது என்பதே விளம்பரப் பலகைகளின் வரலாறு. தமிழ்நாட்டில் அந்த அதிகாரம் உள்ளாட்சியிடமிருந்து மாவட்ட ஆட்சியரிடம் சென்று, மீண்டும் உள்ளாட்சிக்கே திரும்பியுள்ளது. இடையில் உயிர்கள் பலியாகியுள்ளன.

தூரிகையிலிருந்து ஃபிளெக்ஸ் வரை

சென்னையில் பெரிய விளம்பரங்களைப் பழக்கப்படுத்தியது திரைப்படத் துறை. 1957-இல் வெளியான 'வணங்காமுடி' படத்திற்காகச் சிவாஜி கணேசனுக்கு எண்பது அடி உயரத்தில் வைக்கப்பட்ட கட்டவுட் இன்றும் பேசப்படுகிறது. அக்காலப் பதாகைகள் கையால் வரையப்பட்டவை. ஒன்றை முடிக்க ஓவியர்களுக்குப் பல நாள்கள் ஆகும், செலவும் அதிகம். ஆகவே எண்ணிக்கை ஓர் அளவுக்குள் இருந்தது.

கணினி வழி அச்சிடும் ஃபிளெக்ஸ் வந்தபின் நிலைமை மாறியது. காலையில் கொடுத்தால் மாலையில் பேனர் தயார். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, திருமணம், கடைத் திறப்பு, கட்சிக் கூட்டம், இரங்கல் என எல்லாவற்றிற்கும் பேனர் வைக்கும் வழக்கம் சிற்றூர்கள் வரை பரவியது. சவுக்குக் கம்புகளில் கட்டப்பட்ட பதாகைகள் நடைபாதையையும் சாலை நடுத்தடுப்பையும் பிடித்துக்கொண்டன.

ஆபத்து எங்கே இருக்கிறது?

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 11 மீட்டர் கடக்கிறது. ஓட்டுபவர் ஒரு பலகையை இரண்டு நொடி படித்தால், வண்டி 22 மீட்டர் தூரம் கவனிப்பாரின்றி ஓடிவிடும். சாலை சந்திப்பில் இந்தத் தூரத்திற்குள் ஒரு குழந்தை சாலையைக் கடக்கத் தொடங்கியிருக்கலாம். பலகை கண்ணை ஈர்ப்பது ஓர் ஆபத்து. எதிரே வரும் வண்டியை மறைப்பது இன்னோர் ஆபத்து. காற்றில் சரிந்து விழுவது மூன்றாவது ஆபத்து.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1972-இலேயே சாலையோர விளம்பரங்களுக்கு ஒரு கொள்கையை வெளியிட்டது. சாலை சந்திப்பு, பாலம், ரயில்வே கடவு ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் விளம்பரம் கூடாது. நகர்ப்புறத்தில் இதை 50 மீட்டராகக் குறைக்கலாம். வண்டிகள் ஓடும் பாதையின் விளிம்பிலிருந்து 10 மீட்டருக்குள்ளும் போக்குவரத்துக் குறியீட்டுப் பலகையிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடாது. சாலைக்குக் குறுக்கே துணிப் பதாகை தொங்கவிடுவதும் ஆபத்தானது என்று அது கூறியது.

பெட்ரோல் பங்குகள், வண்டியில் இருந்தபடியே உணவு வாங்கிச் செல்லும் கடைகள் போன்றவற்றின் முன்னால் சிக்கல் இரட்டிப்பாகிறது. வண்டிகள் வேகம் குறைத்துத் திரும்பும் அதே இடத்தில்தான் பெரிய பலகையும் நிற்கிறது. பின்னால் வருபவர் பலகையைப் பார்ப்பாரா, முன்னால் திரும்பும் வண்டியைப் பார்ப்பாரா? கடையின் நுழைவாயிலையும் பலகையையும் ஒன்றாக வைத்து ஆராய வேண்டியதன் காரணம் இதுவே.

அதிகாரம் கைமாறிய கதை

நகராட்சிகள் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படியும், சென்னை மாநகராட்சி 1919-ஆம் ஆண்டின் சட்டத்தின்படியும் நெடுங்காலம் இயங்கின. சுவர்களையும் பொது இடங்களையும் விளம்பரத்தால் அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-இல் தனிச் சட்டம் வந்தது.

1997 நவம்பரில் எம்.சி.மேத்தா வழக்கில், டெல்லியில் போக்குவரத்துக்கு இடையூறான சாலையோர விளம்பரப் பலகைகளை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 2000-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தமும் 2003-இல் வந்த விதிகளும் உரிமம் வழங்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடம் அளித்தன. கல்வி நிலையங்கள், வழிபாட்டுத் தலங்கள், உள்நோயாளிகள் தங்கும் மருத்துவமனைகள் ஆகியவற்றின் முன்பும், சாலை சந்திப்பின் இருபுறமும் 100 மீட்டர் வரையிலும் பலகை வைக்க அவ்விதிகள் தடை செய்தன. விளம்பர நிறுவனங்கள் இதனை எதிர்த்து வழக்காடின. 2008-இல் உச்ச நீதிமன்றம் சட்டமும் விதிகளும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் சென்னையில் ஏராளமான பலகைகள் அகற்றப்பட்டன.

பெரிய நிறுவனங்களின் பலகைகள் குறைந்தாலும், அனுமதியின்றி வைக்கப்படும் பேனர்கள் குறையவில்லை. சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி இதற்கெதிராகத் தொடர்ந்து வழக்குத் தொடுத்தார். சில இடங்களில் தாமே பேனர்களைக் கிழித்தும் போராடினார்.

2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில், அரசு விழாவிற்காக அமைக்கப்பட்டுவந்த அலங்கார வளைவு இருந்த இடத்தில் இருசக்கர வாகனத்தில் சென்ற இளம் பொறியாளர் ஒருவர் விபத்துக்குள்ளாகி இறந்தார். அவரைக் கொன்றது யார் என்ற கேள்வி அந்தச் சாலையின் மேலேயே பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டது. 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பேனர்களுக்கு மாநிலம் முழுதும் இடைக்காலத் தடை விதித்தது.

தடை இருந்தும் 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில், சாலை நடுத்தடுப்பில் கட்டப்பட்டிருந்த திருமணப் பேனர் ஒன்று, ஸ்கூட்டரில் சென்ற 23 வயது மென்பொறியாளர் மீது விழுந்தது. நிலைதடுமாறி விழுந்த அவர்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார். சாலை விதியை அவர் மீறவில்லை. இந்த மரணத்திற்குப் பின் கட்சிகளும் நடிகர்களும் பேனர் வைக்க வேண்டாம் எனத் தொண்டர்களைக் கேட்டுக்கொண்டனர். ஆனால் ஒரு மாதம் முடியும் முன்பே, மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்திக்கும் நிகழ்ச்சிக்கு வரவேற்புப் பேனர் வைக்க அரசே உயர் நீதிமன்றத்தை அணுகியது.

மீண்டும் உள்ளூருக்கு

1998-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2000-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 13 அன்று புதிய விதிகளுடன் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது பலகைக்கு உரிமம் வழங்குவது அந்தந்த நகராட்சி அல்லது மாநகராட்சியின் ஆணையர். அதே ஆண்டு ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை அமைக்கும்போது சாரம் சரிந்து தொழிலாளர் மூவர் இறந்தனர். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் 120 அடிக்கு 120 அடி அளவுள்ள பலகை பெட்ரோல் பங்கின் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தனர். அங்கு அனுமதிக்கத்தக்க அளவு 40 அடிக்கு 40 அடி மட்டுமே. இரு ஊர்களிலும் விதி இருந்தது. அளந்து பார்ப்பவர் இல்லை.

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் 2007 முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளையே தடை செய்தது. அங்கும் சட்டத்தைச் செயல்படுத்தியது மாநகராட்சிதான்.

சங்கரன்கோவில் போன்ற ஊரில்

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில், திருநெல்வேலி, இராஜபாளையம், தென்காசி, கோவில்பட்டி ஆகிய ஊர்களின் சாலைகள் வந்து சேரும் நகராட்சி. சங்கரநாராயணர் கோயிலைச் சுற்றியே கடைவீதிகள் அமைந்துள்ளன. ஆடித்தபசு நாள்களில் வீதிகள் மக்களால் நிரம்பும். இத்தகைய கோயில் நகரில் 100 மீட்டர் விதியைப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். தேரோடும் வீதி ஒன்று 200 மீட்டர் நீளம் என்று கொள்வோம். இரு மூலைகளிலிருந்தும் 100 மீட்டர் அளந்தால் வீதி முழுவதும் தடைக்குள் வந்துவிடும். பெருநகரத்தின் அகன்ற சாலைக்குப் பொருந்தும் விதியை இங்கே எப்படிச் செயல்படுத்துவது, எந்த மூலையை முற்றிலும் வெறுமையாக விடுவது என்பதை அந்த வீதியில் நடப்பவர்களே நன்கு அறிவர்.

அதைச் சொல்வதற்கு இன்று இடமும் உண்டு. 2022-இல் வந்த விதிகளின்படி நகராட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபாக்களும் அமைகின்றன. குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றோடு, பார்வையை மறைக்கும் பலகைகளையும் மக்கள் அங்கே முன்வைக்கலாம். உறுப்பினர் அதை நகர்மன்றத்தில் எழுப்பலாம். கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெற வேண்டும் என்ற விதி பலருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பலகை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு என்பது சிலருக்கே தெரிகிறது. முதல் விதி மொழியைக் காக்கிறது. இரண்டாவது, அந்த மொழியைப் படித்தபடி சாலையைக் கடக்கும் மனிதரைக் காக்கிறது. அரை நூற்றாண்டாக ஏட்டில் இருக்கும் 100 மீட்டர் அளவு வீதிக்கு வருவதற்குத் தேவைப்படுவது ஓர் அளவு நாடாவும், விபத்துக்கு முன்பே கேட்கப்படும் ஒரு கேள்வியும்தான்.