தூத்துக்குடியில் எங்கே சாப்பிடுவது?

தூத்துக்குடிக்குப் போகிறவர் ராத்திரி எங்கே சாப்பிடலாம் என்று விசாரித்தால், ஊர்க்காரர்கள் தயங்காமல் "நைட் கிளப்புக்குப் போங்க" என்பார்கள். கேட்டவர் புது ஆளாக இருந்தால் திகைத்துப் போவார். பயப்பட வேண்டாம். அங்கே நாட்டியமும் இல்லை, மதுக் கோப்பையும் இல்லை. தெருவோரத்தில் ஓர் அகன்ற இரும்புக் கல், அதன் முன்னால் வியர்த்து வடிய மாவை வீசிக்கொண்டிருக்கும் ஒரு மாஸ்டர், நாலைந்து பெஞ்சுகள். அவ்வளவுதான். தென் ஜில்லாக்களில் சாப்பாட்டுக் கடையைக் கிளப்புக் கடை என்று சொல்லுவது பழைய வழக்கம். ராத்திரியில் நடக்கிற பரோட்டாக் கடை இந்த ஊரில் நைட் கிளப்.

என் தாத்தா கோர்ட்டு வேலையாக வருஷத்துக்கு நாலைந்து தடவை திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு வருவார். ஒரு தடவைகூட இங்கே ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வாழையிலையில் கட்டிய புளிச்சாதமும் கூஜா நிறையத் தண்ணீரும் கூடவே வரும். ஏனென்று கேட்டால், "வெளிச் சாப்பாடு ஒத்துக்கிடாது" என்பார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதா, வேறு எதற்காவதா என்று அந்த வயசில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எங்கே சாப்பிடுவது என்பது நாக்கைப் பற்றிய கேள்வியாக ஆனது நம் நாட்டில் சமீபத்தில்தான். அதற்கு முன்னால் யார் சமைத்தது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதுதான் முதல் கேள்வி. மற்ற ஊர்களில் இந்தக் கேள்வியை வீட்டோடு வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். துறைமுகப் பட்டணத்தில் அது முடிகிற காரியமா? கப்பலிலும் தோணியிலும் வந்து இறங்குகிறவனுக்கு இந்த ஊரில் வீடு ஏது?

முத்துக்குளிப்புக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கடற்கரையில் சில வாரங்களுக்கென்று ஒரு பட்டணமே முளைக்கும். 1906இல் இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பின்போது உத்தியோகம் பார்த்த லெனார்ட் வுல்ஃப், 20,000 பேருக்கு மேல் கூடிய அந்த ஓலைக் கொட்டகைப் பட்டணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் கரைப் பரதவர்கள், கீழக்கரை முஸ்லிம்கள், அரேபியாவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே கடலில் முங்கினார்கள். நடுநிசிக்குமேல் கரைக்காற்றில் புறப்படும் தோணிகள், மத்தியானக் கடற்காற்றில் திரும்பும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மூச்சடக்க முடியாது. ஆகவே ஆசாமிகள் பசியோடுதான் கரையேறுவார்கள். சர்க்கார் பங்கு போக மூன்றில் ஒரு பங்கு சிப்பி இவர்களுக்கு. அதைக் கரையிலேயே விற்றுக் காசாக்கிவிட்டுக் கொட்டகைக் கடைகளுக்குப் போவார்கள். அந்தச் சாப்பாட்டின் வாசனையை நான் வர்ணிக்கப் போவதில்லை. முத்துச்சிப்பியின் சதையை யாரும் தின்பதில்லை. அது அழுகிக் கரைந்தால்தான் முத்தை அலசி எடுக்கலாம். அழுகுகிற சிப்பிக் குவியலுக்குப் பக்கத்தில், ஈ மொய்க்க மொய்க்கத்தான் சோறு. 1961க்குப் பிறகு தூத்துக்குடிக் கரையில் அந்தப் பட்டணம் எழும்பவில்லை.

சோற்றுக்கு மேசை போட்டவர்கள் வேறு. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் அவர்களைத் துரத்தினார்கள். 1825இல் ஊர் இங்கிலீஷ்காரன் கைக்கு நிலையாக வந்து சேர்ந்தது. போனவர்கள் கோட்டை கொத்தளத்தை விட்டுப் போனதைக் காட்டிலும் வார்த்தைகளை விட்டுப் போனதுதான் அதிகம். மேசை, கோப்பை, குசினி மூன்றும் போர்த்துக்கீசிய வார்த்தைகள். மூன்றும் இல்லாமல் ஒரு ஓட்டல் நடத்திவிட முடியுமா, சொல்லுங்கள்.

1876இல் ரயில் வந்தது. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கிக் கப்பல் ஏறினார்கள். கடல் ஆழமில்லாததால் கப்பல் வெகு தூரத்தில் நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். கிளார்க்கு, வியாபாரி, தேயிலைத் தோட்டக் கூலி எல்லோரும் ஒரே பிளாட்பாரத்தில் காத்திருப்பார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. டிக்கட்டு விஷயத்தில் ரயில் ஜாதி பார்க்கவில்லை. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் பார்த்தது. தென்னாட்டு ஸ்டேஷன்களில் பிராமணாளுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம். பெரியாரும் அவர் தோழர்களும் நெடுங்காலம் கிளர்ச்சி செய்த பிறகு 1941இல்தான் அந்தத் தடுப்பு நீங்கிற்று. பிறகு 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், ஓட்டலில் ஒருவனை உள்ளே விடாமல் தடுப்பதையே குற்றமாக்கியது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் அதற்கப்புறமும் பல காலம் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

1941இல் என் தாத்தாவுக்கு இருபது வயசு. பலகைகள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர். ஆனால் கூஜாவைக் கீழே வைக்கவில்லை.

சட்டம் செய்த வேலை ஒன்று. பரோட்டா செய்த வேலை இன்னொன்று. 1942இல் பர்மா அரிசி வரத்து நின்றது. ரேஷனில் கோதுமை வந்தது. அரிசிச் சோறு தவிர மற்றதையெல்லாம் பலகாரமாக நினைத்த வாய்கள் புது மாவுக்குப் பழகின. பரோட்டாவுக்கு நம் வீடுகளில் ஆசாரம் கிடையாது. பாட்டி செய்கிற பண்டம் இல்லை, திவசத்துக்கு ஆகும் ஆகாது என்ற பேச்சில்லை. பிசைந்த மைதாவை எண்ணெய் தடவி வீசி, விசிறியாக மடித்துச் சுருட்டி, கல்லில் போட்டு, வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் ஓங்கித் தட்டுகிறார்கள் அல்லவா, அந்த மாஸ்டரின் ஜாதியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஊரில் எண்ணெயில் முறுகப் பொரித்தும் தருவார்கள். அதைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். அவசரப்படுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள்.

அப்பா இந்த ஊரில் ஓர் உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதினார். எட்டு வயசில் என்னை முதல் முதலாக நைட் கிளப்புக்கு அழைத்துப் போனவர் அவர்தான். பெஞ்சில் என் பக்கத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் உட்கார்ந்திருந்தார். தோளெல்லாம் உப்பு. என் இலையைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு இன்னும் ஊத்துங்க அண்ணாச்சி" என்று சால்னா வாளியை எங்கள் பக்கம் நகர்த்தச் சொன்னார். எங்கள் குடும்பம் சைவம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். திரும்பும் வழியில் அப்பா சோடா வாங்கிக் கொடுத்து என்னை வாய் கொப்பளிக்கச் சொன்னார். "தாத்தாகிட்ட சொல்லிராதே" என்றார்.

தாத்தாவுக்காக மறுநாள் ஒரு பொட்டலம் மக்ரோன் வாங்கினோம். கணேஷ் பேக்கரி, தனலட்சுமி பேக்கரி என்று இதற்குப் பேர்போன கடைகள் இங்கே உண்டு. ஐரோப்பாவில் இதை வாதுமைப் பருப்பில் செய்கிறார்கள். தூத்துக்குடிக்காரர்கள் முந்திரிக்கு மாறிக்கொண்டார்கள். அந்த முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம்தான். சீனியையும் முட்டையின் வெள்ளைக் கருவையும் நுரைக்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் வைத்து எடுப்பார்கள். வாயில் போட்டால் கடிக்க வேண்டியதில்லை.

திருநெல்வேலி வீட்டுத் திண்ணையில் தாத்தா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"என்னடே இது, முந்திரிப் பருப்பா?"

"ஆமாப்பா. முந்திரிப் பருப்பும் சீனியும்."

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. தாத்தா இன்னொன்று எடுத்துக்கொண்டார்.