மரக்காலும் மதிப்பெண்ணும்



வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஒதியம்பட்டு என் ஊர். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடையில், என் உறவுப் பிள்ளைகள் இருவர் கல்லூரி விண்ணப்பத் தாள்களுடன் என்னிடம் வந்தனர். ஒருவன் பிரெஞ்சு முறையில் பயின்று 20க்கு 14 பெற்றவன். மற்றவன் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 100க்கு 88 பெற்றவன். முன்னவன் விண்ணப்பத்தில் 70 விழுக்காடு என்று எழுதிவிட்டு, "பெரியப்பா, நான் விரும்பிய கல்லூரிக்கு இது போதாது, விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறேன்" என்றான். நான் அவனுக்கு ஒரு பழைய செய்தியைச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் கூற விழைகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்கள், நெல் இத்தனை கலம் என்று மட்டும் சொல்லி அமைவதில்லை. இராசகேசரியோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று அளவையின் பெயரையும் சேர்த்தே பொறித்திருக்கின்றன. மரக்கால் இடத்துக்கு இடம் வேறுபடுமாதலின், அளவையின் பெயரின்றி அளவு விளங்காது என்பதை அன்றைய கணக்கர் நன்கு அறிந்திருந்தனர்.

மதிப்பெண்ணும் அத்தகையதே. புதுவையில் 1826ஆம் ஆண்டு தோன்றிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. பிரெஞ்சு முறையில் பள்ளியிறுதித் தேர்வில் வெற்றி பெற 20க்கு 10 வேண்டும். 12 பெற்றால் 'ஓரளவு நன்று', 14 பெற்றால் 'நன்று', 16 பெற்றால் 'மிக நன்று' என்று சான்றிதழில் குறிப்பர். தமிழ்நாட்டு முறையிலோ 100க்கு 35 பெற்றாலே தேர்ச்சி. 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுவையின் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் அம்மாற்றம் சட்டப்படி முற்றுப்பெற்றது. ஆயினும் அளவைகள் ஒன்றாகிவிடவில்லை. புதுவையிலும் காரைக்காலிலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டமும், மாகேயில் கேரளப் பாடத்திட்டமும், ஏனாமில் ஆந்திரப் பாடத்திட்டமும் நெடுங்காலம் வழங்கின. 2023-24ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகள் மத்திய வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின.

இவ்வேற்றுமையைச் சமன் செய்ய அரசுகள் முயன்றதுண்டு. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கிய தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தில் பெறப்பட்ட மிக உயர்ந்த மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் உயர்ந்த மதிப்பெண்ணுக்கு நிகராகக் கொண்டது. மாநிலத்தில் முதல்வன் 100, பிற வாரியத்தில் முதல்வன் 90 எனில், அங்கே 60 பெற்றவனுக்கு 66.67 ஆகும். நல்ல ஏற்பாடே. ஆனால் இரு வாரியங்களும் தத்தம் முதல்வர்களுக்கு 100 வழங்கிவிட்டால் இக்கணக்கு எதையும் மாற்றாது. ஒன்றில் பத்துப் பேர் 100 பெற்றிருக்கலாம். மற்றொன்றில் பல்லாயிரவர் பெற்றிருக்கலாம். அவ்வேறுபாடு அதன் கண்ணில் படாது. இலங்கையில் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் முறை, சராசரியையும் மதிப்பெண்கள் பரந்து கிடக்கும் அளவையும் கணக்கிற் கொள்கிறது.

மதிப்பெண் மலிந்தால் என்ன நேரும்? 2021ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகள் சில பாடங்களுக்கு 100 விழுக்காட்டையே எல்லையாக அறிவித்தன. அதற்கு மேல் ஏற இடமில்லை. மறு ஆண்டே பொது நுழைவுத் தேர்வு வந்தது. நாணயம் மிகுதியாகப் புழங்கினால் அதன் மதிப்புக் குறைவது போன்றதே இதுவும்.

ஆகவே, மாணவர்களே, கல்லூரியைத் தேரும்போது முதலில் கேளுங்கள்: என் மதிப்பெண்ணை எந்த மரக்காலால் அளப்பீர்கள்? அங்கே முதல் வகுப்புப் பெறுவோர் எத்தனை பேர்? வினாத்தாளை அமைப்பவர் யார்? தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே வினா அமைத்துத் தாமே திருத்துவதால், ஒன்றின் 8 மற்றொன்றின் 8 ஆகாது.

அன்று அந்தப் பிள்ளை 70 என்பதை அடித்துவிட்டு, '20க்கு 14, நன்று' என்று எழுதினான். பிரெஞ்சு முறையின் விளக்கத்தையும் உடன் இணைத்து விண்ணப்பத்தை அனுப்பினான். தன் நெல்லைத் தானே குறைத்து அளந்துகொள்ளும் பிழையிலிருந்து அவன் தப்பினான். நீங்களும் தப்புவீர்களாக.