ஓடு என்பது எலும்பு

கடந்த மழைக்காலத்தில் நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர், தாம் வளர்த்துவந்த நீராமையைக் கொண்டுவந்து காட்டினார். கண்ணுக்குப் பின்னால் செங்கோடு தீட்டியது போன்ற இனம். கடைக்காரர்கள் அதனை 'ரெட் இயர்டு ஸ்லைடர்' என்பர். நாம் செங்காதாமை என்போம். மூன்று வயதாகியும் அதன் ஓடு விரல் பட்ட இடத்தில் குழிந்தது. "ஓடுதானே ஐயா, உயிருக்கு ஒன்றும் ஆகாதே?" என்றார். அதற்கு விடை தேடப் புகுந்தபோது, நெடுங்காலப் பிழையொன்றின் வரலாறு நம்முன் விரிந்தது.

'ஓடு' என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. கூரையோடு, முட்டையோடு என எல்லாம் புறத்தே கவிந்திருப்பவை. ஆமையோடு அத்தகையதன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று ஒன்றிணைந்து உருவான எலும்பே அது. அதன்மேல் நம் நகத்தை ஒத்த தகடுகள் போர்த்தியிருக்கின்றன. எனவே ஓடு குழைகிறது என்றால் எலும்பு குழைகிறது என்றே பொருள்.

செங்காதாமையின் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்படுகை. 1839இல் ஜெர்மானிய இளவரசர் மாக்சிமிலியன் இதனை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லூசியானாவின் பண்ணைகளில் குஞ்சுகள் பெருமளவில் பொரிக்கப்பட்டு, மலிவு விலைக் கடைகளில் விற்கப்பட்டன. சிறு பிளாஸ்டிக் கிண்ணம், நடுவே ஒரு மேடு, அதில் ஒரு பிளாஸ்டிக் பனை. உணவாக உலர்ந்த எறும்பு முட்டை. சில குஞ்சுகளின் முதுகில் பூக்களும் வரையப்பட்டன. கிண்ணத்தில் வெயிலில்லை, வெப்பமில்லை, சுண்ணாம்புச் சத்துமில்லை. குஞ்சுகளுள் மிகப் பல வளருமுன்பே மடிந்தன.

வியப்பு என்னவெனில், இதற்கான மருந்தை மனிதன் முன்னரே கண்டறிந்திருந்தான். 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு வளைந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் புறஊதாக் கதிரால் குணப்படுத்தினார். 1921இல் நியூயார்க்கில் ஹெஸ், உங்கர் ஆகியோர் வெயிலே அதனைச் செய்யும் என்று காட்டினர். அக்கதிர் தோலில் வைட்டமின் டி உருவாக வழிசெய்கிறது. அதுவின்றி உண்ட சுண்ணாம்பு எலும்பில் சேராது. சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் என்பதும் தெரிந்ததே. ஆயினும் ஆமையின் ஓட்டையும் குழந்தையின் காலையும் ஒன்றாய்க் காணும் பார்வை எளிதில் வாய்க்கவில்லை.

வெப்பம் குறித்த தெளிவும் பின்னரே வந்தது. 1944இல் கவுல்ஸ், போகெர்ட் என்னும் இருவர், பாலைநில ஊர்வன வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறிச் சென்று தம் உடல்வெப்பத்தைத் தாமே சீர்செய்துகொள்கின்றன என்று நிறுவினர். ஆமை கட்டையேறி வெயில் காய்வதும் இத்தகையதே. ஒளிக்கும் வெப்பத்துக்கும் ஓர் உள்ளுறவும் உண்டு. கதிர் தோலில் உண்டாக்குவது வைட்டமினின் முன்பொருளை மட்டுமே; உடலின் வெம்மையே அதனை வைட்டமினாக மாற்றுகிறது. ஒன்றைத் தந்து மற்றொன்றை மறுத்தால் பயன் குன்றிவிடும்.

1975இல் அமெரிக்க அரசு, ஓட்டின் நீளம் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடைவிதித்தது. காரணம் ஆமையின் துயரன்று. சிறுவர்களுக்குப் பரவிய சால்மொனெல்லா கிருமி. குஞ்சுகள் வெளிநாடுகளுக்குக் கப்பலேறின. நீர்நிலைகளில் விடப்பட்டவை அவ்வந்நாட்டு ஆமைகளுக்குப் போட்டியாயின. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியைத் தடுத்தது. 2016இல் அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலிலும் சேர்த்தது.

மாணவரிடம் நாம் சொன்னவை சிலவே: நீர் 24 முதல் 27 பாகை செல்சியஸ், ஏறி அமர உலர்ந்த இடம், அங்கே 32 பாகை அளவில் வெப்பம், கண்ணாடி மறைக்காத வெயில் அல்லது புறஊதா விளக்கு, ஒதுங்க நிழல், சுண்ணாம்புள்ள உணவு, கால்நடை மருத்துவர். எக்காரணம் கொண்டும் குளத்தில் விட்டுவிடாதீர் என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

சில திங்களில் ஓடு இறுகியது. ஆனால் நடுவில் அமிழ்ந்த பள்ளம் நிமிரவில்லை. நாம் அதனை வெறும் ஓடென்று எண்ணியிருந்த காலத்தின் தடம் அது.