பனிச்சரிவு

மலைச்சரிவில் படிந்த பனித்திரள் பிடியிழந்து இறங்குவதைச் சில செய்திகள் 'பனிப்பாறைச் சரிவு' என்று குறித்தாலும், அங்குப் பெரும்பாலும் சரிவது இறுகிய பனிப்பாறை அன்று, வலுவற்ற அடுக்கின்மேல் படிந்த பனியே ஆதலால் 'பனிச்சரிவு' என்பதே பொருந்தும். முன்பனி, பின்பனி எனப் பருவங்களுக்குப் பெயரிட்ட தமிழில் 'பனி' குளிரையும் நடுக்கத்தையும் உணர்த்தியது. மலையடிவாரச் சிற்றூரான கூமாப்பட்டியின் வயல்வரப்பில் அது இன்றும் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியே ஆகும். 'சரி' என்னும் வினையிற் பிறந்த 'சரிவு', அவ்வூரை அடுத்த பிளவக்கல் அணைக்கு மேலுள்ள மலையின் சாய்ந்த பக்கத்தையும், மழையில் அங்கு மண் இறங்குவதையும் ஒருங்கே குறிக்கும். விலைச்சரிவு பின்னர் வந்த விரிவு. ஆல்ப்ஸ் மலை வழக்கிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் பெற்ற 'அவலாஞ்ச்', நீலகிரியில் பழைய மண்சரிவு ஒன்றின் நினைவாக 'அவலாஞ்சி' என்னும் இடப்பெயராயிற்று. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்டின் வீரர் பதின்மரைப் புதைத்த நிகழ்வு, 'பனிச்சரிவு' என்னும் சொல்லைத் தமிழ் வீடுகளுக்குள் துயரத்தோடு கொண்டுவந்தது. பனிமலையில் நடப்போர் 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வையே மிகுதியும் அஞ்சுவர் என்பதால், இடத்தையும் இடரையும் ஒரே சொல்லில் அடக்கும் 'சரிவு' கடன்சொல்லினும் கூர்மையானது.